ஒன்ராறியோவின் காட்டு ரோஜா: வளர்ப்பும் பயனும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் வீட்டு வளவில் நாட்டுச் செடிகளை நடத் தொடங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. கடையில் வாங்கும் ஒட்டு ரோஜாவுக்குச் செய்யும் பராமரிப்பை அப்படியே காட்டு ரோஜாவுக்கும் செய்வதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. பசளை, மொட்டையடிக்கும் வெட்டு, மருந்து எதுவும் இதற்குத் தேவையில்லை. வெயிலும் இடமும் வேண்டும்.

காட்டு ரோஜா என்று எந்தச் செடியைச் சொல்கிறீர்கள்?

மனிதர் கலப்பினம் செய்யாமல், இந்த மண்ணிலேயே தானாக வளர்ந்து வந்த ரோஜா இனங்களை. பூவில் ஐந்தே இதழ்கள், நடுவில் மஞ்சள் மகரந்தக் கற்றை, பூ உதிர்ந்த பின் ஒரு சிவப்புப் பழம். கடை ரோஜா கோடை முழுவதும் பூக்கும். இது ஆண்டுக்கு ஒரே முறை, இரண்டு மூன்று கிழமைக்குப் பூத்து நின்றுவிடும். அதன் பிறகு பழம், இலையுதிர்காலத்து நிறம், பனியில் சிவந்து நிற்கும் தண்டு என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று இருக்கும்.

ஒன்ராறியோவில் என்னென்ன வகை உண்டு? வீட்டுக்கு எது பொருந்தும்?

வீட்டு வளவுக்கு முதலில் பார்க்க வேண்டியது ரோசா பிளாண்டா. நேர்சரிகளில் ஸ்மூத் ரோஸ் என்று விற்பார்கள். ஒரு மீற்றர் முதல் ஒன்றரை மீற்றர் உயரம் வரும். அடித்தண்டில் மட்டும் கொஞ்சம் முள், மேல்தண்டு பெரும்பாலும் மொழுமொழு என்றிருக்கும். சிறுபிள்ளைகள் ஓடித் திரியும் வளவுக்கு இது பெரிய வசதி. மே கடைசியிலிருந்து ஜூன் வரை 5 முதல் 6 சென்ரிமீற்றர் அகல இளஞ்சிவப்புப் பூ, மணத்தோடு. வறண்ட மண், கல்லு மண், ஓரளவு களிமண் எல்லாவற்றிலும் பிழைக்கும்.

இடம் குறைவென்றால் ரோசா கரோலினா. ஒரு மீற்றருக்கு மேல் வளர்வது அரிது. ஆனால் ஊசிபோல் நேரான மெல்லிய முட்கள் நிறைய இருக்கும். மழைநீர் தேங்கும் மூலை, கூரைக் குழாய்த் தண்ணீர் வந்து விழும் பள்ளம் என்றால் ரோசா பலூஸ்ட்ரிஸ், அதாவது ஸ்வாம்ப் ரோஸ். இரண்டு மீற்றர் வரை வரும், வேர் ஈரத்தில் நின்றாலும் அழுகாது. வட ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு ரோசா அசிக்குலாரிஸ். 1930 முதல் அல்பேர்ட்டா மாகாணத்தின் அடையாளப் பூ இதுதான். எந்தக் குளிரையும் தாங்கும், ஆனால் உடம்பெல்லாம் முள்.

ரோசா செற்றிஜெரா படரும் இனம், வேலியில் 3, 4 மீற்றர் ஏறும். இலைக்காம்பில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள்தான். தென்மேற்கு ஒன்ராறியோவுக்கு உரியது, காட்டில் அருகி வருவதால் சிறப்புக் கவனத்துக்குரிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. இதில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி என்பதை வாங்குமுன் அறிந்திருக்க வேண்டும். பெண் செடி மட்டுமே காய்க்கும், அதற்கும் பக்கத்தில் ஓர் ஆண் செடி தேவை.

ஓடைக் கரையெல்லாம் கொத்துக் கொத்தாக வெள்ளை ரோஜா பூக்கிறதே, அதைக் கொண்டுவந்து நடலாமா?

வேண்டாம். அது பெரும்பாலும் ரோசா மல்டிஃப்ளோரா. கிழக்காசியாவிலிருந்து ஒட்டுக்கட்டும் அடிச்செடியாக வட அமெரிக்காவுக்கு வந்தது. 1930களில் அமெரிக்காவில் மண்ணரிப்பைத் தடுக்கவும் உயிர்வேலியாகவும் அரசே பரப்பியது. இன்று மேய்ச்சல் நிலத்தையும் காட்டோரத்தையும் மூடிவிட்ட ஆக்கிரமிப்புச் செடி. பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் போடுகின்றன, விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

அடையாளம் காண்பது எளிது. இலைக்காம்பின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு செதிலைப் பாருங்கள். விளிம்பு சீப்புப் பல்லுப் போலப் பிரிந்து நின்றால் அது மல்டிஃப்ளோரா. பூ 2, 3 சென்ரிமீற்றர்தான், ஒரு கொத்தில் பல பத்து இருக்கும். பழம் பட்டாணியை விடச் சிறியது.

கடற்கரைகளிலும் வாகனத் தரிப்பிட ஓரங்களிலும் நிற்கும் சுருங்கிய இலைச் செடி ரோசா ருகோசா. அதுவும் கிழக்காசியச் செடிதான். பழம் பெரிது, தெரு உப்பைத் தாங்கும் என்பதால் நகரங்கள் நடுகின்றன. அதன் பழத்தைச் சமையலுக்கு எடுக்கலாம், ஆனால் நாட்டுச் செடி என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

கன்று எங்கே வாங்குவது? எதைக் கவனிப்பது?

நாட்டுச் செடி மட்டும் விற்கும் நேர்சரியில் வாங்குங்கள். பெரிய கடைகளில் வைல்ட் ரோஸ் என்று எழுதிய சீட்டோடு கலப்பினங்களும் வரும். சீட்டில் தாவரப் பெயர் முழுதாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஒட்டுக்கட்டாத, தன் வேரில் நிற்கும் செடியா என்று கேளுங்கள். ஒட்டுச் செடியில் அடியிலிருந்து வரும் தளிர் வேறு இனமாக இருக்கும். அது மேல்செடியை அமுக்கிவிடும்.

மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை: விதையிலிருந்து வந்த கன்றா, ஒரே தாய்ச்செடியின் வேர்க்கன்றா? பழம் வேண்டுமென்றால் இது முக்கியம். ரோசா பிளாண்டா, பலூஸ்ட்ரிஸ் போன்ற இனங்கள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பது குறைவு. விதையிலிருந்து வந்த இரண்டு வெவ்வேறு செடிகளை அருகருகே நட்டால்தான் நிறையக் காய்க்கும். ஒரே செடியிலிருந்து பிரித்த நாலு வேர்க்கன்றுகளை நட்டால் அது ஒரே செடியை நாலு இடத்தில் வைத்தது போலத்தான்.

பூங்காவிலோ பாதுகாப்பு நிலத்திலோ தோண்டி எடுக்க வேண்டாம். சட்டப்படி தவறு, அத்தோடு தோண்டும்போது வேர் அறுந்து பாதிக்கு மேல் செத்துப்போகும்.

எந்த இடத்தில் நடவேண்டும்?

நாளுக்கு 6 மணி நேரம் நேர் வெயில். 4 மணி நேரத்தில் செடி உயிர் வாழும், ஆனால் பூ குறையும், இலையில் சாம்பல் பூஞ்சை வரும். வடக்குப் பார்த்த சுவரோரம் வேண்டாம்.

நடைபாதையிலிருந்தும் வாசலிலிருந்தும் ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். முழு வளர்ச்சியில் கிளை வளைந்து வெளியே விழும், தபால்காரரின் கையைக் கிழிக்கும். உப்புப் போட்ட பனியை அள்ளிக் குவிக்கும் இடமும் கூடாது. உப்பு வேரைச் சுட்டு, வசந்தத்தில் இலை விளிம்பு கருகி வரும்.

நடும் முறையைச் சொல்லுங்கள்.

ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை ஒரு பருவம், செப்ரெம்பர் முதல் ஒக்டோபர் நடு வரை இன்னொரு பருவம். பிந்தியதில் மண் சூடாக இருக்கும், மேல் வளர்ச்சி நின்றிருக்கும், வேர் நன்றாகப் பிடிக்கும். வெறும் வேரோடு வரும் கன்றென்றால் வசந்தம் மட்டுமே. நடுமுன் வேரை இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள்.

தொட்டியின் வேர்க்கட்டி எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழம், அகலம் மட்டும் இரண்டு மடங்கு. களிமண்ணில் மண்வெட்டி வழவழவென்று சீவிய குழிச் சுவரை முள்ளுக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேர் குழிக்குள்ளேயே சுற்றும். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். குழிக்குள் கூட்டெருவை நிரப்பினால் அது ஒரு தொட்டி மாதிரி நீரைத் தேக்கிக்கொள்ளும், வேர் வெளியே போகாது. கூட்டெரு போட விருப்பமென்றால் மேலே ஒரு விரல் தடிப்புக்குப் பரவினால் போதும். பசளை முதல் ஆண்டு வேண்டவே வேண்டாம்.

நட்டவுடன் 10 லீற்றர் தண்ணீர். அதன் மேல் 5 முதல் 7 சென்ரிமீற்றர் தடிப்பில் மரச்சீவல் அல்லது காய்ந்த இலை மூடாக்கு, தண்டிலிருந்து ஒரு கையகலம் தள்ளி. தண்டைத் தொட்டு மூடாக்குக் குவிந்தால் பட்டை அழுகும், அதற்குள் எலி குடியேறும். முதல் கோடையில் மழை இல்லாத கிழமைகளில் கிழமைக்கு ஒருமுறை 10 லீற்றர், கடும் வெயிலில் இருமுறை. இரண்டாம் ஆண்டு வறட்சி வந்தால் மட்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து தண்ணீர்க் குழாயை மறந்துவிடலாம்.

இடைவெளி: வேலிபோல அடர்த்தியாக வேண்டுமென்றால் 90 சென்ரிமீற்றர், தனித்தனிப் பற்றையாக வேண்டுமென்றால் ஒன்றரை மீற்றர்.

பரவிப் புல்தரைக்குள் வந்துவிடுமாமே?

வரும். நிலத்துக்கடியில் தண்டு ஓடி, தாய்ச்செடியிலிருந்து அரை மீற்றர், ஒரு மீற்றர் தள்ளித் தளிர் விடும். சரிவான நிலத்தில் மண்ணைப் பிடித்து வைப்பதும், பறவை கூடு கட்டும் அளவுக்குப் பற்றை அடர்வதும் இந்தக் குணத்தால்தான். மூன்று பக்கமும் பூப்பாத்தி உள்ள சின்ன இடத்தில் இதை நடவேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. வேலியோரம், புல்வெட்டும் இயந்திரம் சுற்றி வரக்கூடிய திட்டு, வாகனப் பாதைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட பட்டி ஆகியவை பொருத்தமானவை.

கட்டுப்படுத்த மூன்று வழிகள். திட்டைச் சுற்றிப் புல் இருந்தால் வெட்டும்போது தளிரும் போய்விடும், தனி வேலை இல்லை. பாத்தியென்றால் வசந்தத்தில் ஒருமுறை, ஓகஸ்டில் ஒருமுறை கூர்மையான மண்வெட்டியை 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வட்டமாகக் குத்தி, வெளியே நிற்பதை வேரோடு இழுங்கள். பக்கத்து வீட்டு எல்லையென்றால் நடும்போதே 45 முதல் 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கெட்டிப் பிளாஸ்ரிக் வேர்த்தடுப்பைப் புதைத்து, மேல் விளிம்பை மண்ணுக்கு மேலே இரண்டு விரலளவு விடுங்கள். இல்லையேல் அதன் மேலாக ஏறிப் போய்விடும். அவ்வளவு ஆழம் தோண்டுமுன் எரிவாயு, மின்கம்பி எங்கே போகிறதென்று ஒன்ராறியோ வன் கோல் சேவையிடம் குறித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கு அது இலவசம்.

தொட்டியில் வளர்க்கலாமா? அடுக்குமாடியில் இருக்கிறோம்.

ரோசா கரோலினாவை 60 லீற்றர்த் தொட்டியில் சில ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஆனால் நிலத்தில் இருக்கும் வேரைவிடத் தொட்டி வேருக்குக் குளிர் பல மடங்கு உறைக்கும். பல்கனியில் சுவரோடு ஒட்டி வைத்து, சுற்றிவரச் சாக்கு அல்லது பழைய போர்வை சுற்ற வேண்டும். காய்ந்து போகாமல் குளிர்காலத்திலும் உறையாத நாட்களில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். பழமும் அதிகம் கிடைக்காது. மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு செடி என்ற அளவில் சரி.

மூன்று ஆண்டாகிறது, இலை மட்டும் அடர்த்தியாக வருகிறது, பூவே இல்லை. ஏன்?

முதலில் கேட்க வேண்டியது: எப்போது வெட்டினீர்கள்? கடை ரோஜாவை வசந்தத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொல்வார்கள், ஏனென்றால் அது அந்த ஆண்டுத் தளிரில் பூக்கும். காட்டு ரோஜா போன ஆண்டு வளர்ந்த தண்டிலிருந்து கிளைக்கும் குட்டைத் தளிரில் பூக்கிறது. ஏப்ரலில் மொட்டையடித்தால் அந்த ஆண்டுப் பூ முழுவதையும் வெட்டிக் குப்பையில் போட்டதாகிவிடும். குளிர்காலத்தில் முயல் தின்றாலும் இதே விளைவுதான்.

வெட்டவில்லை என்றால் வெயிலைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் புல்தரைப் பசளை. நைதரசன் கூடிய அந்தப் பசளை வேரடிக்குப் போனால் செடி இலையாகவே வளரும், அசுவினியும் சேரும். விதையிலிருந்து வந்த சிறு கன்றென்றால் இன்னும் ஒரு ஆண்டு பொறுக்க வேண்டியிருக்கலாம்.

அப்படியானால் எப்போது, எப்படி வெட்டுவது?

முதல் மூன்று ஆண்டுகள் செத்த தண்டைத் தவிர எதையும் தொடாதீர்கள். பிறகு ஆண்டுக்கொருமுறை, பனி விலகி மொட்டு வீங்குமுன், பட்டை சாம்பல் நிறமாகிக் கிளை விட்டுக் களைத்துப்போன பழைய தண்டுகளில் நாலில் ஒன்றை மட்டும் நிலமட்டத்தில் வெட்டுங்கள். பாதியில் வெட்டினால் வெட்டிய இடத்தில் துடைப்பம் போலக் கிளைத்து அழகு கெடும். முழங்கை வரை வரும் தோல் கையுறை அவசியம். பூ வாடியதும் காம்பை நறுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அங்கேதான் பழம் வரும்.

பல ஆண்டு கவனிக்காமல் புதராகிப்போன திட்டு என்றால் ஒரே முறை முழுவதையும் நிலமட்டத்தில் வெட்டலாம். ஒரு ஆண்டுப் பூ போகும். அடுத்த ஆண்டு புதுத் தண்டில் நிறைந்து வரும்.

இலையில் யாரோ கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டியது போலிருக்கிறது. என்ன பூச்சி?

இலைவெட்டித் தேனீ. இலை விளிம்பில் துல்லியமான அரைவட்டம் வெட்டி எடுத்துப்போய், குஞ்சு வளர்க்கும் அறையை அதனால் சுற்றும். செடிக்கு ஒரு கேடும் இல்லை, மருந்து அடித்துவிடாதீர்கள். நாட்டுத் தேனீக்களுக்காகத்தானே பலர் இந்தச் செடியையே நடுகிறார்கள். காட்டு ரோஜாப் பூவில் தேன் கிடைப்பதில்லை, மகரந்தம்தான். காலையில் வண்டுத்தேனீ பூவுக்குள் இறங்கி உடம்பை அதிரவிட்டு மகரந்தத்தை உதிர்க்கும் சத்தத்தைக் கிட்ட நின்றால் கேட்கலாம்.

உண்மையான கேடு செய்பவை எவை?

ஜப்பான் வண்டு முதலிடம். ஒரு சென்ரிமீற்றர் நீளம், பச்சை உலோக மினுக்கம், செம்பு நிற இறக்கை, பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளி மயிர். ஜூலை, ஓகஸ்டில் கூட்டமாக வந்து இலையை வலைபோலாக்கும். அதிகாலையில் குளிரில் மந்தமாக இருக்கும்போது, சவர்க்காரம் கலந்த தண்ணீர் வாளியைக் கிளைக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள், விழுந்துவிடும். கடையில் விற்கும் மஞ்சள் நிற வண்டுப் பொறியை வாங்க வேண்டாம். அதன் வாசம் அயலில் இருக்கும் வண்டுகளையும் உங்கள் வளவுக்கு அழைக்கும். ரோசா பிளாண்டா வண்டு வருமுன்பே பூத்து முடிப்பதால் பூ தப்பிவிடும். பிந்திப் பூக்கும் கரோலினாவும் பலூஸ்ட்ரிஸும்தான் பூவை இழக்கும்.

மே, ஜூனில் இலையின் பச்சை சுரண்டப்பட்டுக் கண்ணாடி போல் தெரிந்தால் அடிப்பக்கத்தைப் புரட்டுங்கள். பச்சை நிறத்தில் சின்ன மயிர்க்கொட்டி போல ஒன்று இருக்கும். அது மயிர்க்கொட்டி அல்ல, ஒருவகைக் குளவியின் புழு. அதனால் மயிர்க்கொட்டிக்கு அடிக்கும் பீ.ரி. என்ற பக்ரீரியா மருந்து இதற்கு வேலை செய்யாது. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் விழும், திரும்ப ஏறாது.

மொட்டில் ஊசி குத்தியது போலத் துளைகள் இருந்தால் நீண்ட மூக்குள்ள சிவப்பு வண்டு. அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள், முட்டை உள்ளேதான் இருக்கும். தண்டில் முள்ளு முள்ளாக உருண்டை முடிச்சு இருந்தால் அது இன்னொரு சிறு குளவியின் வேலை. செடி சாகாது. குளிர்காலக் கடைசியில் வெட்டி எடுத்தால் குறையும்.

பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. தளிர் அளவுக்கு மீறிச் சிவந்து, துடைப்பம் போல நெருங்கி, மென்மையான முள் அடர்ந்து, இலை கோணி வந்தால் அது ரோஸ் ரொசெற் என்ற வைரஸ் நோய். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் காற்றோடு பரப்புகிறது. மருந்து கிடையாது. செடியை வேரோடு தோண்டிப் பையில் கட்டி அகற்ற வேண்டும். அயலில் மல்டிஃப்ளோராப் பற்றை இருந்தால் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

ஒன்ராறியோவில் அழகுக்காகத் தோட்டத்தில் இரசாயனப் பூச்சிகொல்லி, களைகொல்லி அடிப்பது 2009 முதல் தடை. பழத்தையும் இதழையும் உண்ணப் போகிறீர்கள் என்பதால் எப்படியும் அடிக்கக் கூடாது.

குளிர்காலத்துக்கு மூடிக் கட்ட வேண்டுமா?

கடை ரோஜாவுக்குப் போடும் வெள்ளைக் கூம்பு, மண்மேடு எதுவும் வேண்டாம். முயலிடமிருந்து மட்டும் காப்பாற்றுங்கள். முதல் இரண்டு குளிர்காலத்துக்குச் சிறுகண் கம்பிவலையை 60 முதல் 75 சென்ரிமீற்றர் உயர உருளையாகச் சுற்றி, அடியை மண்ணில் பதித்துவிடுங்கள். பனி குவிந்தால் முயல் அதன்மேல் ஏறி நின்று தின்னும், அதனால் உயரத்தைக் குறைக்க வேண்டாம்.

இதை ஊருக்குக் கொண்டுபோய் வளர்க்க முடியுமா?

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ முடியாது. மாதக்கணக்கான குளிர்த் தூக்கம் இல்லாமல் இந்த இனங்களின் மொட்டு ஒழுங்காக விழிக்காது, விதையும் முளைக்காது. செடி கொண்டுபோவதற்குத் தொற்றுத்தடைச் சட்டங்களும் உண்டு. தமிழ்நாட்டுக்கென்றே ஒரு காட்டு ரோஜா இருக்கிறது: நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காட்டு ஓரங்களில் படரும் ரோசா லெஷனோல்ட்டியானா, வெள்ளைப் பூ. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியிலிருந்து தென்னிந்தியச் செடிகளைச் சேகரித்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோவின் பெயர் அதற்கு. மலையில் வீடுள்ளவர்கள் தேட வேண்டியது அதைத்தான்.

பழத்தை எப்போது பறிப்பது? அப்படியே தின்னலாமா?

செப்ரெம்பரில் நிறம் மாறும். முழுச் சிவப்பாகி, அழுத்தினால் சற்றே நெகிழும்போது பறியுங்கள். முதல் உறைபனி விழுந்த பிறகு இனிப்புக் கூடும், தோல் மென்மையாகும். அதற்குமேல் காத்திருந்தால் சதை குழைந்து, காய்ந்து, வைற்றமின் சி குறையும். கறுத்ததையும், துளை விழுந்ததையும் விட்டுவிடுங்கள், துளைக்குள் ஒருவகை ஈயின் புழு இருக்கும். மூன்றில் ஒரு பங்கையாவது செடியிலேயே விடுங்கள். ஜனவரியில் வேறு உணவு கிடைக்காதபோது பறவைகள் அதைத் தேடி வரும்.

தெரியாமல் செய்யும் பிழை முழுப் பழத்தையும் கடித்து விழுங்குவது. உள்ளே விதைகளைச் சுற்றி நுண்ணிய மயிர் நிறைந்திருக்கிறது. வாய், தொண்டை, குடல் எல்லாவற்றையும் உறுத்தும். கடைசியில் ஆசனவாயில் அரிப்பையும் கொடுக்கும். கனடாவின் முதற்குடி மக்கள் பழத்தின் வெளிச்சதையை மட்டுமே தின்று, உள்ளதைத் தவிர்த்ததற்குக் காரணம் இதுதான். சுத்தம் செய்யும்போதும் இந்த மயிர் கையில் அரிக்கும், இறப்பர்க் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சிரப் செய்வது எப்படி?

நாட்டு இனங்களின் பழம் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். ஒவ்வொன்றாகப் பிளந்து விதை எடுக்கப் போனால் அரை நாள் போகும். முழுதாக அரைத்து, காய்ச்சி, நன்றாக வடிப்பதே நல்ல வழி. இரண்டாம் உலகப் போரில் தோடம்பழ வரவு நின்றபோது, பிரித்தானியாவில் பள்ளிப் பிள்ளைகளும் பெண்களும் வேலியோரங்களில் காட்டு ரோஜாப்பழம் பறித்துக் கொடுக்க, சிறுபிள்ளைகளுக்கான சிரப் நாடு முழுவதும் தயாரானது. அந்த முறையை ஒட்டியதே இது.

அரைக் கிலோ பழம், 325 கிராம் சீனி. இனிப்புக் குறைவாகத் தோன்றினாலும் சாறு சுண்டிவிடுவதால் போதும். ஒரு லீற்றர் தண்ணீரை முதலில் கொதிக்க வையுங்கள். காம்பும் நுனியும் கிள்ளிக் கழுவிய பழத்தை மிக்சியில் ஓரிரு சுற்று மட்டும் ஓடவிட்டு, உடைந்ததும் உடனே கொதிநீரில் கொட்டுங்கள். அரைத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் பழத்தின் நொதியே வைற்றமின் சியைத் தின்றுவிடும். திரும்பக் கொதி வந்ததும் அடுப்பை அணைத்து 15 நிமிடம் மூடி வையுங்கள். இரட்டை மடிப்புப் பருத்தித் துணியில் வடியுங்கள், பிழிய வேண்டாம். பிழிந்தால் மயிர் துணியைத் தாண்டும். முதலில் விழும் அரைக் கோப்பையைத் திரும்பத் துணிக்குள் ஊற்றி இன்னொருமுறை வடிய விடுங்கள். சக்கையை அரை லீற்றர் கொதிநீரில் போட்டு 10 நிமிடம் வைத்து, கழுவிய புதுத் துணியில் மறுபடி வடியுங்கள்.

இரண்டு சாற்றையும் சேர்த்து அரை லீற்றராகச் சுண்டும்வரை காய்ச்சி, சீனியைப் போட்டு 5 நிமிடம் கொதிக்கவிட்டு, கொதிநீரில் சுத்தம் செய்த சிறு போத்தல்களில் சூடாக ஊற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு கிழமை. மிச்சத்தை ஐஸ் தட்டில் உறைய வைத்து எடுத்துக் கொள்ளலாம். எவர்சில்வர் அல்லது இனாமல் பாத்திரம் மட்டும். அலுமினியம், செம்பு, இரும்பு பட்டால் நிறம் கெட்டு வைற்றமினும் அழியும்.

தோசைக்கும் பான்கேக்குக்கும் ஊற்றலாம், எலுமிச்சைச் சாறோடு குளிர்பானமாக்கலாம். சீனி போடுமுன் கொஞ்சம் சாற்றை எடுத்துவைத்தால், புளியைக் குறைத்து ரசத்தில் சேர்க்க அருமையாக இருக்கும்.

தேநீருக்குக் காயவைப்பது எப்படி?

பழத்தைப் பாதியாகப் பிளந்து 45 பாகை செல்சியஸில் உலர்த்தியில் வையுங்கள். நொறுங்கும் பதம் வர வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்ததைக் கொரகொரப்பாக இடித்துச் சல்லடையில் சலித்தால் மயிர் தூளாகக் கொட்டிவிடும். இதை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். ஒரு கோப்பைக்கு 2 தேக்கரண்டி, கொதிநீர் ஊற்றி மூடி 10 நிமிடம், கோப்பி வடிக்கும் காகிதத்தில் வடித்துக் குடியுங்கள். சாதாரணச் சல்லடை இந்த மயிருக்குப் போதாது.

இதழில் குல்கந்து போடலாமா? இதழைப் பறித்தால் பழம் வருமா?

வரும். பூ விரிந்த இரண்டாம் நாள், தேனீ வந்து போன பிறகு, நடுவைத் தொடாமல் இதழை மட்டும் மெல்ல உருவுங்கள். குல்கந்துக்கு உரிய பன்னீர் ரோஜா போல இதழ் அடர்த்தி இதில் இல்லை. ஒரு பற்றையில் ஒரு காலையில் ஒரு பிடிதான் சேரும். 30 கிராம் இதழுக்கு 60 கிராம் சீனி. இதழின் அடியில் வெள்ளையாக உள்ளது கசக்கும், நறுக்கிவிடுங்கள். சீனியோடு கசக்கிக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, வெயில் விழும் ஜன்னலில் மூன்று கிழமை, நாளுக்கொருமுறை உலர்ந்த கரண்டியால் கிளறி வையுங்கள். பிறகு குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். மணம் மென்மையானது, நிறம் வெளிறிவிடும்.

யாராவது தவிர்க்க வேண்டுமா?

உணவளவில் பெரும்பாலானோருக்குத் தொந்தரவில்லை. சிறுநீரகக் கல் வந்தவர்களும், உடலில் இரும்புச் சத்து மிகும் நோய் உள்ளவர்களும் வைற்றமின் சி கூடிய எதையும் மருந்துபோல நாள்தோறும் எடுக்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிரப் வேண்டாம், தேநீர் நல்லது. நெடுஞ்சாலை ஓரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் நிற்கும் செடியில் எதையும் பறிக்காதீர்கள். பூக்கடை ரோஜாவின் இதழும் பழமும் உணவுக்கல்ல.

சக்கையில் மிஞ்சிய விதையை முளைக்கப் போடலாமா?

கொதிநீர் பட்டது முளைக்காது. விதைக்கென்று தனியாகப் பத்துப் பதினைந்து பழத்தை, முழுதாகப் பழுக்குமுன், செம்மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும்போதே எடுங்கள். முற்றிக் காய்ந்த விதைக்கு உறக்கம் இன்னும் ஆழமாகிவிடும். சதையைக் கழுவி நீக்கித் தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கொட்டிவிடுங்கள்.

எளிய வழி, ஒக்டோபரில் வெளியே ஒரு தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதைத்து, எலி தோண்டாமல் கம்பிவலை மூடி விட்டுவிடுவது. வேகமாக வேண்டுமென்றால், ஈர மணலோடு பையில் போட்டு முதலில் வீட்டுச் சூட்டில் இரண்டு மூன்று மாதம், அதன்பின் குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் மூன்று மாதம். வரிசை மாறக் கூடாது. கடினமான விதையுறை தளர்வது சூட்டில், கரு விழிப்பது குளிரில். மணல் காயாமலும் சொதசொதக்காமலும் இருக்க வேண்டும், பூஞ்சணம் கண்டால் விதையைக் கழுவிப் புது மணலுக்கு மாற்றுங்கள்.

வெளியே விதைத்ததில் முதல் வசந்தத்தில் சிலதே வரும், மிச்சம் இரண்டாம் வசந்தத்தில். அதனால் முதல் ஆண்டு முளை காணவில்லை என்று தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டாம். நாலு இலை விட்டதும் தனித்தனியாக மாற்றி, ஒரு கோடை அரை நிழலில் வளர்த்து, அடுத்த செப்ரெம்பரில் நிலத்தில் நடலாம்.

பொறுமை இல்லாதவர்களுக்கு வேர்க்கன்று. ஏப்ரல் தொடக்கத்தில் மொட்டு வெடிக்குமுன், விரல் நீள வேராவது ஒட்டியிருக்கும்படி வெட்டி எடுத்து, மேல்தண்டை 15 சென்ரிமீற்றருக்குக் குறைத்து உடனே நடுங்கள். தாயின் அதே செடிதான் வரும். பழம் பெருக வேண்டுமென்றால் அயலவரின் வேறு செடியோடு ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளுங்கள்.